'தற்செயல் இல்லை' என்றால் 'இ.எஸ்.பி. உண்டு' என்று ஆகிவிடுமா?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன். இ.எஸ்.பி., அதாவது கண், காது போன்ற புலன்களின் உதவியின்றிப் பிறர் மனத்தையோ தொலைவில் உள்ளதையோ எதிர்காலத்தையோ அறியும் ஆற்றல், உண்டு என்பதற்கு உங்கள் நண்பர் மூன்று விஷயங்களைக் காட்டுகிறார். கான்ஸ்ஃபெல்ட் என்ற சோதனையில் 25 விழுக்காடு வரவேண்டிய இடத்தில் 32 விழுக்காடு சரியான விடை வருகிறது. அமெரிக்க உளவுத்துறை இருபது ஆண்டுகளுக்கு மேல் இதற்குப் பணம் கொடுத்தது. கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர், எதிர்காலத்தை மனிதர்கள் முன்கூட்டியே உணர்கிறார்கள் என்று முன்னணி உளவியல் ஆய்விதழில் கட்டுரை எழுதினார். ஆக இ.எஸ்.பி. நிரூபணமாகிவிட்டது, விஞ்ஞானிகள்தான் மூடி மறைக்கிறார்கள் என்பது அவர் முடிவு. கூடவே, உறவினர் ஒருவர் இறந்ததை உங்கள் அத்தை முந்தின இரவே கனவில் கண்டார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். 'இ.எஸ்.பி. உண்டா, இல்லையா?' என்று தலைப்பு வைத்திருந்தாலும், உங்களை உறுத்துவது வேறு என்று நினைக்கிறேன். இவ்வளவு எண்களையும் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. பிறகு எதை வைத்து 'ஆதாரம் போதாது' என்கிறார்கள்? இது மிக நியாயமான கேள்வி. 'எல்லாம் ஏமாற்று' என்று ஒரே வரியில் கிடைக்கும் பதில்கள் இதற்கு விடை ஆகாது.

மருத்துவ ஆய்வுகளுக்குப் புள்ளியியல் பார்ப்பது என் தொழில். புதிய மருந்தொன்று உண்மையில் வேலை செய்கிறதா, செய்வதுபோலத் தோன்றுகிறதா என்பதைப் பிரித்துச் சொல்வதுதான் அன்றாட வேலை. இ.எஸ்.பி. ஆய்வுக் கட்டுரைகளைப் பல ஆண்டுகளாக அந்தக் கண்ணோடு படித்து வருகிறேன். மாணவர்களுக்குப் பாடமாகவும் எடுக்கிறேன். ஆனால் அப்படிப்பட்ட ஆய்வகம் எதிலும் வேலை செய்தவன் அல்ல. இயற்பியலும் என் துறை அல்ல. எனவே 'இயற்பியல் விதிகள் இதற்கு இடம் தராது' என்ற வாதத்தை நான் எடுக்கப்போவதில்லை. சோதனைகளையும் எண்களையும் மட்டும் வைத்துப் பேசுகிறேன்.

உங்கள் நண்பர் சொல்வதில் பாதி சரி. பல சோதனைத் தொகுப்புகளில் வந்த எண்கள் தற்செயலாக வந்திருக்க முடியாதவைதான். இதை மறுப்பவர்கள் கணக்கைப் பார்க்காமல் மறுக்கிறார்கள். ஆனால் தற்செயலை விலக்கிவிட்டால் மிஞ்சி நிற்பது இ.எஸ்.பி. மட்டும் அல்ல. புலன்கள் வழியே கசிந்த தகவல், சீட்டுகளைச் சரியாகக் கலைக்காதது, பதிவில் நேர்ந்த பிழை, எந்தக் கணக்கைக் காட்டுவது என்று முடிவைப் பார்த்தபின் தேர்ந்தது, சில நேரங்களில் அப்பட்டமான மோசடி என்று பலவும் அதே வரிசையில் நிற்கின்றன. நூற்றுச் சொச்சம் ஆண்டு வரலாறு முழுவதும் இந்த வரிசையைச் சுருக்கும் முயற்சியின் வரலாறுதான்.

டியூக் பல்கலைக்கழகத்தின் ஜே. பி. ரைன் 1930-களில் செய்தவற்றிலிருந்து தொடங்கலாம். வட்டம், கூட்டல் குறி, அலைக்கோடுகள், சதுரம், நட்சத்திரம் என ஐந்து குறிகள். குறிக்கு ஐந்தாக 25 சீட்டுகள். பார்க்காமல் சொன்னால் சராசரியாக ஐந்து சரியாக வரும். ஹியூபர்ட் பியர்ஸ் என்ற இறையியல் மாணவர் 1933-34-இல் 1,850 சீட்டுகளுக்கு விடை சொன்னார். 370 சரியாக வந்திருக்க வேண்டும், வந்தது 558. இந்த அளவு சோதனையில் திட்ட விலக்கம், அதாவது தற்செயலால் நேரும் வழக்கமான ஏற்ற இறக்கம், ஏறத்தாழ 17. வந்த வித்தியாசமோ 188, அதாவது பதினொரு மடங்கு. புள்ளியியல் தெரிந்த எவரும் இதைத் தற்செயல் என்று சொல்லமாட்டார். அன்றைக்கே ரைனின் கணக்கு முறை தவறு என்று சிலர் தாக்கியபோது, 1937-இல் கணிதப் புள்ளியியல் சங்கத்தின் தலைவராக இருந்த பர்ட்டன் கேம்ப், கணக்கில் பழுதில்லை, ரைனை நியாயமாகத் தாக்குவதென்றால் கணிதத்துக்கு வெளியேதான் தாக்க வேண்டும் என்று அறிக்கையே விட்டார். எங்கள் துறைக்கும் இந்த ஆய்வுகளுக்கும் உறவு அதைவிடப் பழையது. சோதனையில் எது வரவேண்டும் என்பதைக் குலுக்கலுக்கு விட்டுவிடும் முறையை 1884-இலேயே டெலிபதி சோதனைக்காகப் பயன்படுத்தியவர், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற சார்ல் ரிஷே. நவீனப் புள்ளியியலின் தந்தை எனப்படும் ரொனால்டு ஃபிஷரும் 1924-இல் சீட்டு ஊகங்களுக்கு மதிப்பெண் போடுவது எப்படி என்று எழுதியிருக்கிறார்.

பர்ட்டன் கேம்ப் சொன்ன அந்தக் 'கணிதத்துக்கு வெளியே'தான் உயிர்நாடி. பியர்ஸ் சோதனையில் சீட்டுகளைக் கையாண்டவர் ஒரு கட்டடத்தில். விடை சொல்பவர் குறைந்தது 100 கெஜம் தள்ளி வேறு கட்டடத்தில். கேட்கக் கச்சிதமாக இருக்கிறது. ஆனால் பியர்ஸ் எழுந்து போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாரா என்று கவனிக்க யாரும் வைக்கப்படவில்லை. அவர் திரும்பி வந்து எட்டிப் பார்த்திருக்கலாம் என்று 1960-களில் மார்க் ஹேன்சல் என்ற உளவியலாளர் வாதிட்டார். அப்படி நடந்தது என்பதற்குச் சான்று கிடையாது. பியர்ஸைக் குற்றவாளி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அதைத் தடுக்கும் ஏற்பாடு சோதனையில் இல்லை என்பது மட்டும் உறுதி. அதே காலத்தில் அச்சிட்டு விற்ற சீட்டுகள் சிலவற்றில், வெளிச்சம் ஒரு கோணத்தில் விழுந்தால் பின்பக்கத்திலிருந்தே குறி தெரிந்தது. இவற்றையெல்லாம் அடைத்தபின் பியர்ஸ் அளவுக்கு மதிப்பெண் வாங்கும் ஆட்கள் அருகிப்போனார்கள்.

மோசடி பற்றியும் மறைக்காமல் சொல்ல வேண்டும். லண்டனில் சாமுவேல் சோல் என்ற கணித ஆசிரியர் முதலில் ரைனின் முடிவுகள் தமக்கு வரவில்லை என்றே சொல்லிவந்தார். பிறகு 1941 முதல் 1943 வரை பேசில் ஷேக்கிள்டன் என்பவரை வைத்துச் செய்த சோதனைகளில் பிரமிக்கத்தக்க எண்கள் வந்தன. முப்பது ஆண்டுகளுக்கு மேல் இத்துறையின் மிக வலுவான சான்றாக அவை நின்றன. பெட்டி மார்க்விக் என்ற ஆய்வாளர் 1978-இல் சோலின் எண் வரிசைகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஒரே வரிசை மீண்டும் பயன்பட்ட இடங்களில் இடையிடையே கூடுதல் எண்கள் செருகப்பட்டிருந்தன. அந்தச் செருகல்கள் பெரும்பாலும் 'சரியான விடை'களாக இருந்தன. அவற்றை நீக்கினால் முடிவு தற்செயல் அளவுக்கு இறங்கிவிட்டது. மார்க்விக் இத்துறையை வெறுத்தவர் அல்லர். சோலைக் குற்றச்சாட்டிலிருந்து காப்பாற்றும் எண்ணத்தோடுதான் அந்த வேலையைத் தொடங்கினார். ரைனின் நிறுவனத்திலேயே வால்டர் லெவி என்ற இளம் இயக்குநர் 1974-இல் எலிகள் மீதான சோதனைப் பதிவைத் திரித்தபோது, உடன் வேலை செய்தவர்களே கண்டுபிடித்தார்கள். ரைன் அதை மறைக்காமல் வெளியிட்டார். இவர்கள் அத்தனை பேரும் போலிகள் என்று சொல்ல நான் ஒருபோதும் ஒத்துக்கொள்ளாததற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி உங்கள் நண்பரின் முதல் சான்று. கான்ஸ்ஃபெல்ட் சோதனையில் ஒருவரைச் சாய்ந்து படுக்கவைத்து, பிங்பாங் பந்தைப் பாதியாக வெட்டிக் கண்களை மூடி, சிவப்பு விளக்குப் போட்டு, காதில் ஒரே சீரான இரைச்சல் கேட்கச் செய்வார்கள். புலன்களுக்கு வேலையில்லாமல் போனால் மெல்லிய 'செய்தி' பிடிபடும் என்பது எண்ணம். வேறொரு அறையில் 'அனுப்புபவர்' என்ற இன்னொருவர் ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அரைமணி நேரம் கழித்து முதலாமவரிடம் நான்கு படங்களைக் காட்டி, எது என்று கேட்பார்கள். குருட்டாம்போக்கில் சொன்னால் நாலில் ஒன்று சரி. 1970-களில் இதைத் தொடங்கிவைத்தவர்களில் முக்கியமானவர் சார்ல்ஸ் ஹானர்டன்.

இந்த விவாதத்தில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இங்குதான் வருகிறது. ரே ஹைமன் என்ற உளவியலாளர், இத்துறையின் கடும் விமர்சகர், அதுவரை வந்த கான்ஸ்ஃபெல்ட் ஆய்வுகள் அத்தனையையும் வாங்கி ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். அனுப்புபவர் கையில் வைத்திருந்த அதே படத்தையே பிறகு தேர்வுக்குக் கொடுத்தது, குலுக்கல் சரியில்லாதது, பல விதமாகக் கணக்கிட்டு நல்லதைக் காட்டியது என்று பட்டியலிட்டார். ஹானர்டன் அதே ஆய்வுகளை வேறு விதமாகத் தொகுத்து, இந்தக் குறைகளுக்கும் வெற்றிக்கும் தொடர்பில்லை என்று பதில் எழுதினார். பிறகு இருவரும் 1986-இல் சேர்ந்தே ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். சாதகமான முடிவுகளை மட்டும் வெளியிட்டது, பல கணக்குப் போட்டது என்ற காரணங்களால் மட்டும் இந்த எண்களை விளக்கிவிட முடியாது என்று ஹைமன் ஒத்துக்கொண்டார். இது இ.எஸ்.பி.தானா என்பதில் உடன்பாடில்லை என்பதை இருவரும் எழுதினார்கள். இனி என்னென்ன கட்டுப்பாடுகளோடு சோதனை நடந்தால் ஏற்போம் என்று விதிகளை இருவரும் சேர்ந்தே வகுத்தார்கள். விஷயத்தில் உடன்படாதவர்கள் விதியில் உடன்படுவது எந்தத் துறையிலும் அபூர்வம்.

அந்த விதிகளுக்கு ஏற்ப ஹானர்டன் கணினியால் இயங்கும் சோதனையை நடத்தினார். அவற்றைப் பற்றி டேரில் பெம் என்ற உளவியலாளரோடு சேர்ந்து எழுதிய கட்டுரை அச்சேறுமுன் 1992-இல் இறந்துவிட்டார். அது 1994-இல் 'சைக்கலாஜிக்கல் புல்லட்டின்' ஆய்விதழில் வெளிவந்தது. 329 அமர்வுகள், 106 சரி, 32 விழுக்காடு. தற்செயலாக இப்படி வர வாய்ப்பு ஆயிரத்தில் இரண்டு. உங்கள் நண்பர் சொல்லும் எண் இதுதான். ஆனால் 1999-இல் ஜூலி மில்டனும் ரிச்சர்ட் வைஸ்மனும் அடுத்து வந்த 30 ஆய்வுகளை அதே ஆய்விதழில் தொகுத்தபோது, தற்செயலிலிருந்து பிரித்தறிய முடியாத முடிவே கிடைத்தது. அதற்குப் பதிலாக 2001-இல் பெம் உள்ளிட்டோர், புதிதாக வந்த ஆய்வுகளையும் சேர்த்து, பழைய முறையை அப்படியே பின்பற்றியவற்றைத் தனியாகப் பிரித்தால் விளைவு திரும்ப வருகிறது என்றார்கள். 2010-இல் லான்ஸ் ஸ்டார்ம் குழு தொகுத்தபோது மறுபடியும் 32 விழுக்காட்டை ஒட்டி வந்தது.

இப்படிப் பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிடும் தொகுப்பாய்வு என் துறையின் கருவி. அதன் பலவீனமும் எங்களுக்குத் தெரியும். எந்த ஆய்வைச் சேர்ப்பது, எதை 'முறையை மீறியது' என்று ஒதுக்குவது, எந்த ஆண்டில் வெட்டுவது என்பதையெல்லாம் முடிவுகள் தெரிந்தபின் தீர்மானித்தால், நேர்மையானவர்கள் கையிலும் கணக்கு அவரவர் நம்பிக்கைப் பக்கம் சாய்ந்துவிடும். இது இரு தரப்புக்கும் பொருந்தும். 25-க்கும் 32-க்கும் உள்ள இடைவெளி நூறு அமர்வில் ஏழு விடைதான். அதை உண்டாக்கப் பெரிய சதி எதுவும் வேண்டியதில்லை. சிறிய சாய்வுகள் சில ஒரே பக்கம் கூடினால் போதும்.

மருந்துச் சோதனையோடு ஒப்பிட்டால் இந்தச் சிக்கலின் ஆழம் தெரியும். ஒரு மருந்தைச் சோதிக்கும்போது பாதிப் பேருக்கு மருந்தும் பாதிப் பேருக்குப் போலி மாத்திரையும் கொடுக்கிறோம். அளக்கும் கருவி கோணலாக இருந்தாலும் அந்தக் கோணல் இரு பக்கமும் சமமாக விழும், வித்தியாசம் மருந்தினுடையது. இ.எஸ்.பி. சோதனையில் அந்த மறுபாதி பெரும்பாலும் இல்லை. 'இ.எஸ்.பி. இல்லாத மனிதர்கள்' என்று ஒரு குழுவை அமைக்க முடியாது. ஒப்பிடப்படுவது காகிதத்தில் இருக்கும் 25 என்ற எண்ணோடு. அதனால் எங்கே எது கசிந்தாலும் அது நேராக இ.எஸ்.பி. கணக்கில் வரவாகிவிடுகிறது. இன்னொன்று, மருந்தை இரட்டிப்பாக்கினால் விளைவு கூடும் என்பதுபோல, இங்கே எதை மாற்றினால் விளைவு எப்படி மாறும் என்று சொல்லும் விதி கிடையாது. தூரம் கூடினாலும் குறையாது, சுவர் மறைத்தாலும் நிற்காது என்கிறார்கள். எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்தால் அதற்கும் எதிர்மறை இ.எஸ்.பி. என்று ரைன் காலத்திலேயே பெயர் வைத்தாயிற்று. கசிவையும் இ.எஸ்.பி.யையும் பிரித்துக்காட்டும் அடையாளம் எதுவும் கைவசம் இல்லாதபோது, பி-மதிப்பு (தற்செயலாக இப்படி வரும் வாய்ப்பு) எவ்வளவு சிறியதாக இருந்தாலும் என்னால் அடுத்த படி ஏற முடியவில்லை.

உளவுத்துறை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் 1972-இல் ரஸ்ஸல் டார்க், ஹரால்டு புட்டாஃப் என்ற இயற்பியலாளர்கள், தொலைவில் உள்ள இடத்தை மனத்தால் பார்ப்பது பற்றிய சோதனைகளைத் தொடங்கினார்கள். பனிப்போர்க் காலம், சோவியத் யூனியன் இதில் முந்திவிடுமோ என்ற அச்சம் அரசுக்கு இருந்தது. ஸ்டார்கேட் என்ற பெயரில் முடிந்த அந்தத் திட்டத்துக்கு மொத்தம் சுமார் 2 கோடி டாலர் செலவானது. 1995-இல் இதை மதிப்பிட ஜெசிகா அட்ஸ் என்ற புள்ளியியலாளரையும் ரே ஹைமனையும் அழைத்தார்கள். ஆய்வகச் சோதனைகளில் வந்த எண்கள் தற்செயல் அல்ல என்பதில் இருவரும் ஒத்துப்போனார்கள். இது நிரூபணம் என்றார் அட்ஸ். இல்லை என்றார் ஹைமன். அட்ஸ் சாதாரணமானவர் அல்லர், 2016-இல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கத்தின் தலைவராக இருந்தவர்; அவர் முடிவோடு நான் உடன்படாவிட்டாலும் அவர் கணக்கை மதிக்கிறேன். ஆனால் உளவு வேலைக்கு நேரடியாகப் பயன்பட்ட தகவல் ஒன்றுகூட இதிலிருந்து கிடைக்கவில்லை என்பது மதிப்பீட்டின் முடிவு. திட்டம் அந்த ஆண்டே மூடப்பட்டது. அரசு பணம் கொடுத்தது என்பது அரசுக்கு ஆர்வமும் அச்சமும் இருந்தன என்பதற்குத்தான் சான்று.

மூன்றாவது, கார்னெல் பேராசிரியர். மேலே வந்த அதே டேரில் பெம். 2011-இல் ஒன்பது சோதனைகள், ஆயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்கள். ஒன்பதில் எட்டில் புள்ளியியல் நோக்கில் கணிசமான விளைவு என்று கட்டுரை வெளிவந்தது. முதல் சோதனையில் கணினித் திரையில் இரண்டு திரைச்சீலைகள். அவற்றில் ஒன்றுக்குப் பின்னால் படம் வரும் என்று சொல்லி, எது என்று மாணவரை ஊகிக்கச் சொன்னார்கள். எங்கே வரும் என்பதை அவர் சொன்ன பிறகுதான் கணினி தீர்மானிக்கும். பாலுணர்வைத் தூண்டும் படங்கள் வந்தபோது 53.1 விழுக்காடு சரியாகச் சொன்னார்கள். 50 வர வேண்டியது. மற்றப் படங்களில் 49.8 மட்டுமே.

இந்தக் கட்டுரை உளவியல் துறையையே உலுக்கியது. பெம் மோசடி செய்தார் என்று யாரும் காட்டவில்லை. அன்றைக்கு உளவியலில் எல்லாரும் செய்துவந்த முறையில்தான் செய்தார். வந்த முடிவோ நம்ப முடியாதது. அப்படியானால் அந்த முறையில்தான் ஓட்டை இருக்க வேண்டும் என்று பலர் யோசிக்கத் தொடங்கினார்கள். ஸ்டூவர்ட் ரிச்சி, ரிச்சர்ட் வைஸ்மன், கிறிஸ்டோஃபர் ஃபிரெஞ்ச் மூவரும் பெம்மின் ஒரு சோதனையை மூன்று இடங்களில் அப்படியே திரும்பச் செய்தார்கள்; ஒன்றும் வரவில்லை. ஜெஃப் கலாக் குழு 2012-இல் ஏழு சோதனைகளில் 3,289 பேரை வைத்துப் பார்த்தது, அதிலும் இல்லை. பெம் தரப்பு அசரவில்லை. 33 ஆய்வகங்களின் 90 சோதனைகளைத் தொகுத்து விளைவு இருக்கிறது என்று எழுதினார்கள். மறுபடியும் தொகுப்பாய்வு, மறுபடியும் இழுபறி.

இழுபறியை முடிக்க எடுத்த முயற்சியை நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஹங்கேரியின் சோல்டான் கெகெச் தலைமையில், நம்புபவர்களும் நம்பாதவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து, பெம்மின் முதல் சோதனையைத் திரும்பச் செய்வதற்கான விதிகளை வரிக்கு வரி ஒப்புக்கொண்டார்கள். எத்தனை பேர், எப்போது நிறுத்துவது, எந்தக் கணக்கு, எது வந்தால் யார் தோற்றார் என்பதெல்லாம் முன்பே பதிவாயிற்று. தரவுகள் வரவர யாரும் திருத்த முடியாதபடி பொதுவில் ஏறின. பத்து ஆய்வகங்கள், 2,115 பேர், 37,836 ஊகங்கள். 2023-இல் முடிவு வந்தது: 49.89 விழுக்காடு. இத்தனை ஊகங்களில் வழக்கமான ஏற்ற இறக்கம் கால் விழுக்காட்டை ஒட்டித்தான் இருக்கும். பெம் கண்ட மூன்று விழுக்காட்டு விளைவு உண்மையாக இருந்திருந்தால், இந்த வலையிலிருந்து தப்பியிருக்கவே முடியாது.

'மறைக்கிறார்கள்' என்ற பேச்சுக்கு வருகிறேன். இத்துறையின் சங்கம் 1969 முதல் அமெரிக்க அறிவியல் முன்னேற்றக் கழகத்தில் இணைந்த அமைப்பு. டார்க், புட்டாஃப் கட்டுரை 1974-இல் 'நேச்சர்' ஏட்டில் வந்தது. 1994, 2011 கட்டுரைகள் எங்கே வந்தன என்று மேலே பார்த்தீர்கள். 2018-இல் எட்செல் கார்டென்யா ஆதரவாகத் தொகுத்து எழுதிய நெடுங்கட்டுரை 'அமெரிக்கன் சைக்காலஜிஸ்ட்' இதழில் வெளியானது. கதவடைப்பு நடந்தது எதிர்த்திசையில். பெம்மின் சோதனையைத் திரும்பச் செய்து ஒன்றும் வரவில்லை என்று ரிச்சி குழு எழுதியதை, பெம்மை வெளியிட்ட அதே ஆய்விதழ், மறுசோதனைகளை நாங்கள் வெளியிடுவதில்லை என்று திருப்பி அனுப்பியது. வெற்றிகள் மட்டும் அச்சேறித் தோல்விகள் மேசை இழுப்பறையில் தங்கிவிடும் இந்த வழக்கம்தான் உளவியலையும் மருத்துவத்தையும் நெடுங்காலமாகக் கெடுத்து வந்தது.

அதைச் சரிசெய்யும் வழியை முதலில் காட்டியவர்களில் இத்துறையினரும் உண்டு என்பதை எதிர்ப்பாளர்கள் சொல்வதில்லை. நான் சொல்ல விரும்புகிறேன். மார்ட்டின் ஜான்சன் என்ற பரா உளவியலாளர் (இ.எஸ்.பி. போன்றவற்றை ஆராய்பவர்) 1970-களின் நடுவில் தாம் நடத்திய ஐரோப்பிய இதழில், சோதனை நடக்குமுன்னே திட்டத்தைப் பதிவுசெய்து அதன் தரத்தை வைத்தே ஏற்பது என்ற முறையைக் கொண்டுவந்தார். மருத்துவ இதழ்கள் மருந்துச் சோதனைகளுக்கு முன்பதிவைக் கட்டாயமாக்கியது அதற்கு முப்பது ஆண்டு கழித்து. அந்த இதழின் பதினேழு ஆண்டுக் கட்டுரைகளை 2019-இல் வைஸ்மன், கரோலின் வாட், டயானா கோர்ன்பிராட் ஒப்பிட்டார்கள். முன்பதிவு இல்லாத ஆய்வுகளில் சுமார் 28 விழுக்காடு கணக்குகள் சாதகமாக வந்திருந்தன. முன்பதிவு செய்தவற்றில் சுமார் 8. ஒன்றுமே இல்லாவிட்டாலும் நூற்றில் ஐந்து சாதகமாக வருவது எங்கள் கணக்கில் இயல்பு. இந்த ஒப்பீடு தனியே எதையும் நிரூபிக்காது, இரு வகை ஆய்வுகளும் வேறு பல விதங்களிலும் வேறுபட்டிருக்கலாம். ஆனாலும் என் எண்ணத்தை மிகவும் பாதித்த எண்கள் இவைதான்.

ஆக, உறுதியாகச் சொல்லக்கூடியவை: பல தொகுப்புகளின் எண்கள் தற்செயல் அல்ல, புகழ்பெற்ற சில சான்றுகள் மோசடி, எதிர்காலத்தை உணரும் பெம் வகைச் சோதனை, பெரிய அளவிலும் திறந்த முறையிலும் செய்தபோது ஒன்றும் தரவில்லை. ஐயத்துக்கு உரியது கான்ஸ்ஃபெல்ட். அதில் எஞ்சி நிற்கும் சில விழுக்காடு எங்கிருந்து வருகிறது என்று துல்லியமாகச் சுட்டிக்காட்டியவர் எவருமில்லை. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதில் வரும் தேர்வுச் சாய்வுதான் என்பது என் கணிப்பு. கணிப்பு என்பதற்கு மேல் அதற்கு மதிப்பில்லை. இதே வகைப் புதிர் இன்னொன்றும் உண்டு. தன்னை யாரோ உற்றுப்பார்ப்பதை மனிதன் உணர்கிறானா என்று நம்பிக்கையுள்ள மெரிலின் ஷ்லிட்ஸும் நம்பாத வைஸ்மனும் ஒரே இடத்தில், ஒரே கருவிகளோடு, ஒரே முறையில் சோதித்தார்கள். 1997-இல் வந்த அந்தக் கட்டுரையில் ஷ்லிட்ஸ் செய்த பாதியில் விளைவு இருந்தது, வைஸ்மன் செய்த பாதியில் இல்லை. சோதிப்பவரின் மனமும் இதில் புகுகிறது என்று ஒரு தரப்பு சொன்னது. எங்கோ கவனிக்காத ஓட்டை என்றது மறுதரப்பு. பின்னர் 2006-இல் வெளியான கூட்டுச் சோதனை ஒன்றில் இருவருக்குமே ஒன்றும் வரவில்லை.

என் மனம் மாற என்ன வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். கெகெச் செய்ததைப் போன்ற சோதனை கான்ஸ்ஃபெல்டுக்கு நடக்கட்டும்: இரு தரப்பும் முன்பே ஒப்பிய விதிகள், பல ஆய்வகங்கள், சில ஆயிரம் அமர்வுகள், திறந்த தரவு. அதில் 30 விழுக்காடு வந்தால் நான் இந்தப் பதிலைத் திருத்தி எழுதுவேன்.

உங்கள் அத்தையின் கனவைக் கடைசிக்கு வைத்தேன். உங்களுக்கு அதுதான் நெருக்கமானது. அவர் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. ஒரு கணக்கு மட்டும் போட்டுப் பார்ப்போம். எண்கள் என் அனுமானம், நீங்கள் மாற்றிப் போட்டும் பார்க்கலாம். தமிழ்நாட்டில் பெரியவர்கள் 5 கோடிப் பேர் என்று வையுங்கள். வயதான உறவினர் ஒருவர் இறப்பதுபோல ஒவ்வொருவரும் பத்தாண்டுக்கு ஒரு முறை கனவு காண்கிறார்கள் என்று வைத்தால், ஆண்டுக்கு 50 லட்சம் கனவுகள். ஆண்டுக்கு நூற்றில் மூன்று நான்கு பேர் இறக்கும் வயதில் இருக்கும் ஒருவர், குறிப்பிட்ட ஒரு நாளில் இறக்க வாய்ப்பு ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒன்று. ஆகவே கனவு கண்ட மறுநாளே மரணம் நேர்வது இந்த மாநிலத்தில் மட்டும் ஆண்டுக்கு 500 வீடுகளில், எந்தச் சக்தியும் இல்லாமலே நடக்கும். நோயில் கிடப்பவரைப் பற்றித்தான் இப்படிக் கனவு அதிகம் வரும் என்பதையும் சேர்த்தால் எண்ணிக்கை இன்னும் கூடும். பலிக்காத மற்றக் கனவுகளை யாரும் யாரிடமும் சொல்வதில்லை.

உங்கள் அத்தையின் கனவும் அந்த 500-இல் ஒன்றுதான் என்று இந்தக் கணக்கால் நிரூபிக்க முடியாது. நடந்து முடிந்த ஒரே நிகழ்வை வைத்து யாராலும் எந்தப் பக்கமும் நிரூபிக்க முடியாது. அவருக்கு விருப்பமிருந்தால் ஒன்று செய்யலாம். இப்படிப்பட்ட கனவு இனி வந்தால், விடிந்ததும் யாரிடமும் விசாரிக்குமுன், யார், என்ன, எப்போது என்று உங்கள் கைப்பேசிக்குச் செய்தியாக அனுப்பச் சொல்லுங்கள். நாளும் நேரமும் தானாகப் பதிவாகிவிடும். பலித்தவை, பலிக்காதவை எதையும் அழிக்காமல் இரண்டாண்டு வைத்திருந்து, பிறகு உங்கள் நண்பரோடு உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். எத்தனைக்கு எத்தனை பலித்தால் ஏற்பது என்பதை மட்டும் தொடங்கும் நாளன்றே மூவரும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.